சூடாகாத மைக்ரோவேவ்: திருத்துவதா, புதிது எடுப்பதா?

ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். நீண்ட கடிதம். அதன் சுருக்கம் இது.

நான்கு வருடத்துக்கு முன் டவுனில் ஒரு கடையில் வாங்கிய 20 லீட்டர் மைக்ரோவேவ். கணவர் கொழும்பில் வேலை செய்கிறார். வீட்டில் இவர், மாமியார், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், கொழுந்தன். விடியற்காலையில் சமைத்து வைப்பதை இரவில் சூடாக்கத்தான் அது அதிகம் உதவியது. ஆறு மாதமாக இரவு ஏழு மணிக்கு மேல் சோறு அரைகுறையாகத்தான் சூடாகும். ஞாயிறு மத்தியானத்தில் ஒரு குறையும் இல்லை. போன வாரம் திடீரென்று வழமையைவிட உரத்த "உர்ர்" சத்தம், கருகிய மணம். இப்போது விளக்கு எரிகிறது, தட்டு சுற்றுகிறது, சாப்பாடு போட்டபடியே குளிர்ந்து வருகிறது.

திருத்துகிற பாஸ் ஒருவர் பிளக்கில் போட்டுச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "மெக்னட்ரான் போயிருச்சு, 14,500 ஆகும்" என்றாராம். (மெக்னட்ரான் என்பது சாப்பாட்டைச் சூடாக்கும் அலையை உண்டாக்கும் பாகம்.) வாங்கிய கடையில், "பழசுல காசு போடாதீங்க, புதுசு 36,500, தவணைன்னா மாசம் 3,650, பன்னிரண்டு மாசம்" என்கிறார்கள். பில் தொலைந்துவிட்டது. வொரண்டி காட் இருக்கிறது. அதன் படத்தையும் அனுப்பி, "ஒரு வருஷ வொரண்டி, முடிஞ்சிருச்சு" என்று எழுதியிருக்கிறார். பழுதான பெட்டியிலிருந்து கதிர் கசிந்திருக்கும், பிள்ளைகளுக்குப் புற்றுநோய் வந்துவிடும் என்று மாமியாருக்குப் பயம். கொழுந்தன் யூடியூப் பார்த்துவிட்டு, தானே கழற்றிப் பார்க்கிறேன் என்கிறார். கடிதத்தின் கடைசி வரி: "பொங்கலுக்கு வெள்ளை அடிக்கும்போது மேசையிலிருந்து சரிந்து விழுந்தது, அதிலிருந்து கதவைக் கொஞ்சம் தூக்கி அமுக்கினால்தான் மூடுது."

அன்புள்ள சகோதரி,

14,500ஆ, 36,500ஆ என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த வாரம் இரண்டுக்கும் தலையாட்ட வேண்டாம். நீங்கள் அனுப்பிய காட் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். "ஒரு வருடம்" என்ற பெரிய எழுத்துக்குக் கீழே, மூன்றாவது வரியில், மெக்னட்ரானுக்கு மட்டும் 5 வருடம் என்று இருக்கிறது. முழுச் சாதனத்துக்கு ஒரு வருடமும் மெக்னட்ரானுக்குத் தனியாக நீண்ட காலமும் கொடுக்கும் வழக்கம் சில கம்பனிகளுக்கு உண்டு. நீங்கள் வாங்கி நான்கு வருடம்தான் ஆகிறது. ஆகவே பாஸ் சொன்னபடி போனது மெக்னட்ரான்தான் என்றால், அந்தப் பாகத்துக்கு நீங்கள் காசு கட்ட வேண்டியிராது. போனது வேறொன்று என்றால் 14,500 ரூபா செலவு பெரும்பாலும் வராது. எது போனது என்று தெரியாமல் விலை பேசினால் இரண்டு வழியிலும் நட்டம் உங்களுக்கு.

வொரண்டியை எப்படிக் கேட்பது

முதலில், பெட்டியை யாரும் திறக்க விடாதீர்கள். பின்பக்க ஆணிகளில் ஒன்றின் மேல் சிறிய ஸ்டிக்கர் ஒட்டியிருக்கலாம். அது கிழிந்திருந்தால் கம்பனி கையை விரித்துவிடும்.

பில் இல்லாதது பெரிய தடையல்ல. வொரண்டி காட்டில் கடை முத்திரையும் திகதியும் இருக்கின்றனவா பாருங்கள். இல்லையென்றால் பெட்டியின் பின்பக்கத் தகட்டிலுள்ள சீரியல் இலக்கத்தை எழுதிக்கொண்டு போய்க் கடையில் பில்லின் பிரதி கேளுங்கள். வங்கி அட்டையில் கட்டியிருந்தால் அந்த மாத வங்கிக் கூற்றிலும் திகதியும் தொகையும் இருக்கும்.

பிறகு, காட்டில் போட்டிருக்கும் கம்பனியின் சேவை நிலையத்தோடு நீங்களே பேசுங்கள். கடையை நடுவில் வைக்க வேண்டாம். கடைக்குப் புதிது விற்பதில்தான் அக்கறை. மெக்னட்ரான் வொரண்டியில் வேலைக்கூலியும் சேருமா, பெட்டியை எங்கே கொண்டுவர வேண்டும், பார்த்துவிட்டு வேறு பழுது என்றால் பார்த்ததற்கு எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்டு, பதில் சொன்னவர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் பாகம் இலவசமாகவும் கூலியும் ஏற்றுக்கூலியும் நம் தலையிலும் இருக்கும். அப்படியிருந்தாலும் 14,500க்கு இது எவ்வளவோ குறைவு.

கீழே விழுந்ததை மறைக்காதீர்கள். திறந்து பார்ப்பவருக்கு எப்படியும் தெரிந்துவிடும். விழுந்த சாதனம் என்று மறுக்க நிபந்தனைகளில் இடம் இருக்கலாம். ஆனால் விழுந்த பிறகும் பல மாதம் பகலில் நன்றாகச் சூடாக்கியிருக்கிறது என்பது உங்கள் பக்கத்து நியாயம். விழுந்ததில் மெக்னட்ரானின் காந்தம் வெடித்திருந்தால் ஞாயிறு மத்தியானமும் சூடு குறைந்திருக்கும். இதை எழுத்திலேயே சொல்லுங்கள். காரணமில்லாமல் தட்டிக்கழித்தால், கொடுத்த வொரண்டிக்கு ஒத்துவராத பொருள் பற்றிய முறைப்பாட்டை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை விசாரிக்கலாம். விசாரித்து நட்டஈடு, மாற்றுப் பொருள் அல்லது பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி உத்தரவிடலாம். தொலைபேசி இலக்கம் 1977. முறைப்பாட்டை எழுத்தில் கொடுங்கள், நாளைக் கடத்தாதீர்கள்.

சத்தம் இருக்கிறது, சூடு இல்லை

விளக்கு, விசிறி, தட்டைச் சுற்றும் குட்டி மோட்டார் எல்லாம் வேலை செய்வதால் கரண்ட் உள்ளே வருகிறது, பெட்டியின் பியூஸும் நன்றாக இருக்கிறது. பழுது உயர் அழுத்தப் பக்கத்தில். அங்கே டிரான்ஸ்போமர் 230 வோல்ட்டை ஏறத்தாழ 2,000க்கு ஏற்றும். கபாசிட்டரும் டயோட்டும் சேர்ந்து அதை 4,000 அளவுக்குக் கொண்டுபோகும். அந்த அழுத்தத்தில் மெக்னட்ரான் 2,450 மெகாஹேட்ஸ் அலையை உண்டாக்கும். உரத்த உர்ர் சத்தம் டிரான்ஸ்போமர் அளவுக்கு மீறிய சுமையை இழுப்பதற்கு அடையாளம். அதற்கு அப்பால் ஏதோ ஒன்று ஷோட் ஆகியிருக்கிறது. டயோட் ஷோட் ஆனாலும் அதே சத்தம்தான், கபாசிட்டர் ஷோட் ஆனாலும், மெக்னட்ரான் உள்ளே ஒட்டிக்கொண்டாலும் அதே சத்தம்தான். காதால் கேட்டு மூன்றையும் பிரிக்க யாராலும் முடியாது. டயோட் இவற்றில் மிக மலிவானது, அது போவதும் அடிக்கடி நடப்பதுதான்.

பிரித்தறியத் திருத்துபவருக்கு மல்டிமீட்டர் (மின்தடையை அளக்கும் கருவி) வேண்டும். கபாசிட்டரில் தங்கியிருக்கும் மின்சாரத்தை வடித்து, வயர்களைக் கழற்றி, மெக்னட்ரானின் இரண்டு முனைகளுக்கிடையே அளந்தால் ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்ட வேண்டும். ஒரு முனைக்கும் உலோக உடலுக்கும் இடையே அளந்தால் தொடர்பே இருக்கக் கூடாது. தொடர்பு காட்டினால் மெக்னட்ரான் முடிந்தது. டயோட் இரண்டு திசையிலும் தொடர்பு காட்டினால் அது ஷோட். நல்ல டயோட்டைச் சாதாரண மீட்டர் இரண்டு திசையிலும் "திறந்தது" என்றே காட்டும், ஏனென்றால் அதைத் திறக்கப் பல வோல்ட் வேண்டும். 9 வோல்ட் பற்றரி ஒன்றைத் தொடரில் போட்டுத்தான் சோதிப்பார்கள். இது தெரியாமல் நல்ல டயோட்டைத் தூக்கிப் போடுகிறவர்களும் உண்டு. எல்லாம் சேர்த்துக் கால் மணிநேர வேலை. செய்பவரிடம், "எந்தப் பாகம், என்ன அளவு காட்டியது" என்று கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பி வாங்குங்கள், பில்லில் பாகத்தின் பெயரை எழுதச் சொல்லுங்கள்.

கருகிய மணத்தையும் சொல்ல மறக்காதீர்கள். மெக்னட்ரானில் சொருகும் கிளிப் தளர்ந்தால் அந்த இடம் சூடேறிக் கறுத்துவிடும். கிளிப்பை மாற்றினால் சரி. மணம் டிரான்ஸ்போமரின் சுருளிலிருந்து வந்திருந்தால் நான்கு வருடப் பெட்டிக்கு அந்தச் செலவு வேண்டாம் என்பேன். எதுவானாலும் "இன்னொரு தடவை பார்ப்போமே" என்று இப்போது போட்டுப் பார்க்க வேண்டாம். டயோட் மட்டும் போயிருந்தால் ஒவ்வொரு தடவையும் நல்ல டிரான்ஸ்போமரைச் சுட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

திருத்தி வாங்கும்போது கடையிலேயே தண்ணீர்ச் சோதனை செய்யச் சொல்லுங்கள். ஒரு லீட்டர் பச்சைத் தண்ணீர், வெப்பமானியால் அளந்து, முழுப் பலத்தில் சரியாக 60 செக்கன். வெளியே எடுத்து, கலக்கி, மறுபடி அளக்க வேண்டும். ஏறிய பாகையை 70ஆல் பெருக்கினால் கிடைப்பது பெட்டியின் வோட்ஸ். 700 வோட்ஸ் பெட்டியென்றால் ஏறத்தாழ 10 பாகை ஏற வேண்டும். பாத்திரமும் கொஞ்சம் குடித்துக்கொள்ளும், 8 அல்லது 9 வந்தாலும் பரவாயில்லை. ஐந்தோ ஆறோ என்றால் கையெழுத்துப் போடாதீர்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது, அது 35 பாகையில்தான் தொடங்கும்.

கதவு

கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியதுதான் இந்தக் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம். மெக்னட்ரான் இலவசமாகக் கிடைத்தாலும், பழுது வெறும் டயோட்டாக இருந்தாலும், அந்தப் பெட்டி உங்கள் வீட்டுக்குத் திரும்பி வரலாமா என்பதைக் கதவுதான் சொல்லும்.

அலையின் நீளம் ஏறத்தாழ 12 சென்றிமீட்டர். கண்ணாடிக்குப் பின்னாலுள்ள தகட்டின் துளைகள் அதைவிட மிகச் சிறியவை, அதனால் அலை அவற்றின் வழியே வராது. கதவின் நான்கு ஓரத்தில்தான் கவனம் வேண்டும். பிளாஸ்டிக் விளிம்புக்குள்ளே அலையின் கால் பங்கு நீளத்துக்கு, அதாவது ஏறத்தாழ 3 சென்றிமீட்டருக்கு, ஒரு பள்ளம் வடிவமைத்திருக்கிறார்கள். ஓரத்தால் நழுவ வரும் அலையை அந்தப் பள்ளம் திருப்பிவிடும். கதவு சட்டத்தோடு நேராகப் பொருந்தியிருந்தால்தான் அது வேலை செய்யும். சரிந்த கதவில் அந்த அளவு குலைந்துபோகும்.

கதவின் பக்கவாட்டில் இரண்டு கொக்கிகள் இருக்கும். அவை உள்ளே போய் மூன்று சிறிய சுவிச்சுகளை ஒரு வரிசைப்படி அமுக்கும். இரண்டு சுவிச் கரண்டைத் திறந்து மூடும். மூன்றாவது காவல்காரன்: கதவு திறந்தும் முதலாவது சுவிச் ஒட்டிக்கொண்டிருந்தால், வேண்டுமென்றே ஷோட் பண்ணி பியூஸை எரித்துப் பெட்டியை நிறுத்தும். தூக்கி அமுக்கி மூடும் கதவில் இந்த வரிசை பிசகும்; சுவிச்சின் முனைகள் கருகும்.

பிளக்கைக் கழற்றிவிட்டு வீட்டிலேயே பாருங்கள். கதவை மூடி, பக்கவாட்டில் கண்ணை வைத்து, மேலும் கீழும் இடைவெளி ஒரே அளவா என்று பாருங்கள். கைப்பிடியைப் பிடித்து லேசாக இழுத்தால் ஆடக் கூடாது. கதவைத் திறந்து இரண்டு கொக்கிகளையும் விரலால் அழுத்தினால் இரண்டும் துள்ளித் திரும்ப வேண்டும். ஒன்று தொய்ந்து கிடந்தால் உள்ளே ஸ்பிரிங் கழன்றிருக்கும். கடைசியாகக் கீழ் கீல் பொருத்தியிருக்கும் மூலையில் பெட்டியின் தகடு நெளிந்திருக்கிறதா, சட்டத்தில் பெயின்ட் உரிந்து துரு பிடித்திருக்கிறதா என்று ரோச் அடித்துப் பாருங்கள். நம் பக்கத்துப் பனியிலும் ஈரத்திலும் துரு அங்கேதான் முதலில் பிடிக்கும்.

ஸ்பிரிங் அல்லது கொக்கி மட்டும் என்றால் அது சின்ன வேலை, சேர்த்தே திருத்தச் சொல்லுங்கள். கதவோ கீல் மூலையோ நெளிந்திருந்தால் அந்தப் பெட்டிக்கு ஒரு ரூபாவும் போட வேண்டாம். தட்டி நிமிர்த்தித் தருகிறேன் என்பார்கள், சம்மதிக்காதீர்கள்.

மாமியாரும் கொழுந்தனும்

மாமியாரிடம் இப்படிச் சொல்லுங்கள். மைக்ரோவேவ் அலை வானொலி அலையின் இனம், எக்ஸ்ரே மாதிரியானதல்ல. சாப்பாட்டிலோ பெட்டியிலோ அது தங்காது. சுவிச் அணைந்ததும் விளக்கு வெளிச்சம் போல அதுவும் இல்லை. இப்போது உங்கள் பெட்டி சூடாக்கவே இல்லை என்றால் அலையே உண்டாகவில்லை, கசிவதற்கு ஒன்றுமில்லை. கசிவு இருந்தால் அதன் கெடுதல் சூடு: தோல் சுடும், கண்ணுக்கு ஆகாது. சர்வதேச நியமம் கதவிலிருந்து 5 சென்றிமீட்டர் தூரத்தில் ஒரு சதுர சென்றிமீட்டருக்கு 5 மில்லிவோட்டுக்கு மேல் கூடாது என்கிறது. தள்ளிப் போகப் போக அது வேகமாகக் குறைந்துவிடும். ஆனாலும் அவர் கதவைப் பற்றிப் பயந்திருந்தால் அந்தப் பயம் நியாயமானது. அதைச் சிரித்துத் தள்ளாதீர்கள். உள்ளே கைபேசியை வைத்து அழைத்துப் பார்க்கும் சோதனையை நம்ப வேண்டாம். மணி அடித்தாலும் அடிக்காவிட்டாலும் அதில் ஒன்றும் நிச்சயமில்லை. கசிவளக்கும் கருவி வைத்திருக்கும் சேவை நிலையத்தில் அளந்து தரச் சொல்லலாம்.

கொழுந்தனிடம் கண்டிப்பாகப் பேசுங்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் கபாசிட்டரில் உயிரைப் பறிக்கும் அளவு மின்சாரம் தங்கியிருக்கலாம். அதை வடிய விட உள்ளே ஒரு ரெசிஸ்டர் இருக்கும். அது போயிருந்தால் வெளியிலிருந்து தெரியாது. ரேடியோ, மிக்ஸி திருத்திய அனுபவம் இங்கே செல்லாது. ஆர்வமுள்ள பிள்ளை என்று தெரிகிறது, அவருக்கு வேறு வேலை இருக்கிறது: மூடியைத் தொடாமல், உங்கள் வீட்டு வோல்ட்டேஜை ஒரு வாரம் அளக்கட்டும்.

இரவு ஏழு மணி

முன்பு பகலில் நன்றாகவும் இரவில் அரைகுறையாகவும் சூடானது பெரும்பாலும் பெட்டியின் பழுதல்ல. மாலை ஆறரையிலிருந்து பத்தரை வரை எல்லா வீட்டிலும் கரண்ட் ஓடும் நேரம். மலையில் நீண்டு வரும் லைனின் கடைசியில் வீடு இருந்தால் வோல்ட்டேஜ் இறங்கும். இறங்கும்போது மைக்ரோவேவின் பலம் அதைவிட வேகமாகக் குறையும், மெக்னட்ரானின் இழையும் சரியாகச் சூடேறாமல் தேயும். இதைச் சரிசெய்யாவிட்டால் புதிய பெட்டியும் இரவில் அரைகுறையாகத்தான் சூடாக்கும்.

பிளக்கில் சொருகினால் வோல்ட்டேஜ் காட்டும் சிறு மீட்டர் மின்சாமான் கடைகளில் கிடைக்கும். மத்தியானம், இரவு ஏழரை, ஒன்பது என்று குறித்து வையுங்கள். 230க்கு ஆறு வீதம் மேலும் கீழும், அதாவது 216 முதல் 244 வரை, இருக்க வேண்டும். தொடர்ந்து அதற்குக் கீழே என்றால் அந்தக் குறிப்போடு மின்சார சபைக்கு முறையிடுங்கள் (1987). மீட்டர் தோட்டத்தின் பெயரில் இருந்தால் தோட்டத் துரை அலுவலகம் வழியாகப் போக வேண்டும். பக்கத்து வீடுகளும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் நல்லது. வோல்ட்டேஜைச் சீராக்கும் ஸ்டெபிலைசர் வாங்குவதென்றால் டீவிக்கு வைக்கும் 500 விஏ பெட்டி தாங்காது. 700 வோட்ஸ் சூடு தரும் மைக்ரோவேவ் சுவரிலிருந்து 1,100, 1,200 வோட்ஸ் இழுக்கும்; 2,000 விஏக்குக் குறையக் கூடாது.

பிளக் பொயின்டையும் பாருங்கள். லயத்து வீடுகளில் 5 அம்பியர் உருண்டைத் துளையில் அடப்டர், அதில் மல்டி பிளக், அதில் மைக்ரோவேவ் என்று அடுக்கியிருப்பார்கள். அந்தச் சுமைக்கு 5 அம்பியருக்கு மேல் போகும். 13 அம்பியர் பொயின்ட், 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், ஒழுங்கான எர்த், இந்த மூன்றும் வேண்டும். எர்த் இங்கே கூடுதல் முக்கியம்: உயர் அழுத்தச் சுருளின் ஒரு முனை பெட்டியின் உலோக உடலோடுதான் சேர்ந்திருக்கும். ட்ரிப் சுவிச் இருக்கிறதே என்று எழுதியிருந்தீர்கள். அது ஆளைக் காப்பாற்றும். குறைந்த வோல்ட்டேஜையோ இடியையோ தடுக்காது. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி தொடங்கினால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

காசுக் கணக்கு

கதவு சரி, போனது டயோட் அல்லது கபாசிட்டர் என்றால் திருத்துங்கள். கதவு சரி, போனது மெக்னட்ரான், வொரண்டி ஏற்றுக்கொள்ளப்பட்டது என்றாலும் திருத்துங்கள். வொரண்டி மறுக்கப்பட்டு 14,500தான் வழி என்றால் வேண்டாம். விழுந்த, நான்கு வருடப் பெட்டிக்குப் புதியதன் விலையில் ஐந்தில் இரண்டு பங்கு போடுவது அதிகம். கதவு நெளிந்திருந்தால் மேலே சொன்னதுதான்.

புதிது வாங்குவதென்றால் தவணையில் கவனம். 3,650 பன்னிரண்டு தடவை என்றால் 43,800. கூடுதலாகக் கட்டுவது 7,300. "இருபது வீதம்தானே" என்பார்கள். கடன் மாதாமாதம் குறைந்துகொண்டு வருவதால் உண்மையில் மாதம் மூன்று வீதத்துக்குக் கிட்டிய வட்டி அது. மூன்று நான்கு மாதம் அடுப்பில் சூடாக்கிச் சமாளித்து, அந்த 3,650ஐ ஒதுக்கி, மிச்சத்தைக் கணவரின் சம்பளத்தில் சேர்த்து ரொக்கத்துக்கு வாங்கினால் நல்லது. வாங்கும்போது பழைய பெட்டிக்கு விலை கழிப்பார்களா என்று கேளுங்கள். பில்லையும் காட்டையும் அன்றே படம் எடுத்துக் கணவருக்கும் அனுப்பி வையுங்கள்.

பழையது வீட்டிலிருந்து போகும் என்று முடிவானால் முதலில் அதன் வயரைப் பெட்டியோடு ஒட்ட வெட்டிவிடுங்கள், வேறு யாரும் எடுத்துப் பிளக்கில் போடாதபடி. செம்புக்காகவோ, வெல்டிங் மெஷின் செய்யவோ உள்ளேயுள்ள டிரான்ஸ்போமரைக் கேட்டு இளைஞர்கள் வருவார்கள். கொடுக்காதீர்கள், அந்த 2,000 வோல்ட் சுருளில் கை பட்டால் விடாது. கடை எடுக்காவிட்டால், மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்ற இலத்திரனியல் கழிவு சேகரிப்பவரிடம் முழுப் பெட்டியாகவே ஒப்படையுங்கள்.